பாய்மரத்துக்கு முன்னால்: டேனாவின் கடல் நூல் – ஒரு திறனாய்வு

கடலைப் பற்றிய இலக்கியத்தில் பெரும்பகுதி கரையிலிருந்து எழுதப்பட்டது. நம் நெய்தற் பாடல்கள் பலவும் கரையில் நின்று காத்திருப்பவளின் பாடல்களே. பட்டினப்பாலை துறைமுகத்தில் வந்து குவிந்த பண்டங்களை வகைவகையாகக் காட்டுகிறது. அவற்றைச் சுமந்துவந்த கலத்தில் பாய் இழுத்தவன் என்ன உண்டான், எங்கே உறங்கினான் என்பது அந்நூலின் பொருள் அன்று. மேலைநாட்டு இலக்கியத்திலும் நெடுங்காலம் இதே நிலைதான். கடற்போர் வீரர்களும் தேசம் கண்டறிந்த தலைவர்களும் நூல் எழுதினார்கள். பொது மாலுமி எழுதவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் ஃபெனிமோர் கூப்பர் கடற்கதைகளால் புகழ் பெற்றார். அக்கதைகளைப் படித்த வாசகருக்குக் கடல் ஒரு வீரக் களமாகவே தோன்றியது.

இந்நிலையை மாற்றிய நூல் 1840இல் நியூயார்க்கில் வெளிவந்தது. ரிச்சர்டு ஹென்றி டேனா என்பவர் எழுதிய அதன் பெயரைத் தமிழில் ‘பாய்மரத்துக்கு முன்னால் ஈராண்டுகள்’ எனலாம். கப்பல் வாழ்வின் சமுதாய அமைப்பு முழுவதும் இத்தலைப்பில் அடங்கியிருக்கிறது. பாய்க்கப்பலின் பின்பகுதியில் தலைவரும் துணைத் தலைவர்களும் வாழ்ந்தனர். முன்பாய்மரத்துக்கும் முன்னால், அலை முதலில் மோதும் இடத்தில், தளத்துக்குக் கீழே இருந்த இருண்ட அறையில் மாலுமிகள் வாழ்ந்தனர். பாய்மரத்துக்கு முன்னால் என்பது இடத்தைக் குறிக்கும் சொல் மட்டுமன்று; அது ஒருவனுடைய தகுதியைக் குறிக்கும் சொல்லும் ஆகும். அந்த அறையிலிருந்து ஒரு குரல் இதுவரை சரியாகக் கேட்கவில்லை, அதை ஒலிப்பதே தம் நோக்கம் என்று டேனா முன்னுரையில் கூறுகிறார். அந்தக் குரல் உண்மையிலேயே மாலுமியின் குரல்தானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலாசிரியரும் பயணமும்

டேனா 1815இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தவர். தந்தையார் கவிஞர், திறனாய்வாளர். ஹார்வர்டு கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தபோது தட்டம்மையால் கண்பார்வை பழுதுற்றது. படிப்பு நின்றது. பலமாதக் கடற்பயணம் கண்ணுக்கு நலம் தரும் என்று கருதிய அவர், பயணியாகச் செல்லாமல் பொது மாலுமியாகப் பணியேற்றார். 1834 ஆகஸ்டு 14ஆம் நாள் ‘பில்கிரிம்’ என்னும் இருபாய்மரக் கப்பல் பாஸ்டனிலிருந்து புறப்பட்டபோது அவருக்கு வயது 19.

தென்னமெரிக்காவின் தென்முனையாகிய ஹார்ன் முனையைச் சுற்றி, ஏறத்தாழ ஐந்து மாதங்களில் கப்பல் கலிபோர்னியாவை அடைந்தது. அக்காலத்தில் அது மெக்சிகோவின் பகுதி. அங்கே பாஸ்டன் வணிகர்கள் நாடியது மாட்டுத்தோல். துணி முதலிய பண்டங்களைக் கரையோரத்தில் விற்றுத் தோல் வாங்கினர். மாலுமிகள் காய்ந்த தோல்களைத் தலையில் சுமந்து, அலை அடிக்கும் நீரில் இறங்கிப் படகில் ஏற்றினர். ஓராண்டுக்கு மேல் இவ்வேலை நடந்தது. பின்னர் ‘அலர்ட்’ என்னும் வேறொரு கப்பலில், ஏறத்தாழ 40,000 தோல்களோடு டேனா திரும்பினார். 1836 செப்டம்பரில் பாஸ்டனை அடைந்தபோது, பயணத்தில் விரிவாக எழுதிவைத்த நாட்குறிப்பு அடங்கிய பெட்டி துறைமுகத்தில் தொலைந்துபோயிற்று. எஞ்சிய சுருக்கக் குறிப்பையும் நினைவையும் கொண்டு, சட்டம் பயிலும் நாள்களில் அவர் இந்நூலை எழுதினார். ஹார்ப்பர் பதிப்பகத்தார் 250 டாலர் கொடுத்து உரிமையை விலைக்கு வாங்கினர். நூல் பெரிதும் விற்றது. அந்த வருவாயில் ஆசிரியருக்குப் பங்கில்லை.

கப்பலில் ஒரு நாள்

நூலின் முதற்சிறப்பு அது காட்டும் அன்றாட வாழ்வு. மாலுமிகள் இரண்டு அணிகளாகப் பிரிக்கப்பட்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறிமாறிப் பணியேற்றனர். ஒரே அணிக்கு ஒவ்வோர் இரவும் ஒரே நேரம் வந்துவிடாதபடி, மாலை 4 முதல் 8 வரையுள்ள பொழுதை இரண்டு இரண்டு மணி நேரமாகப் பகுத்தனர். ஆகவே கடலில் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் உறங்குவது அரிது. காற்று வலுத்து எல்லாரையும் தளத்துக்கு அழைத்தால் அந்த உறக்கமும் இல்லை.

நிலத்தவர் நினைப்பதுபோல் நல்ல காற்றடிக்கும் நாளில் மாலுமிக்கு ஓய்வு கிடைப்பதில்லை. கயிறுகள் தேய்கின்றன, அவற்றை மாற்ற வேண்டும். பாய் கிழிகிறது, தைக்க வேண்டும். தளத்தைக் கழுவ வேண்டும்; பாய்மரத்துக்கு எண்ணெய் பூச வேண்டும். வேறு வேலையே இல்லையென்றால் பழங்கயிற்றைப் பிரித்து நாராக்க வேண்டும். மாலுமியைச் சும்மா இருக்க விடக்கூடாது என்பதே கப்பலின் முதல் விதி என்பதைப் படிப்படியாக உணர்கிறோம். உணவு உப்பிட்ட மாட்டிறைச்சியும் கல்போன்ற பிஸ்கட்டும். இறைச்சிப் பீப்பாயைத் திறந்தவுடன் நல்ல துண்டுகள் தலைவரின் அறைக்குப் போகும். எஞ்சியவை முன்னறைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் மாவைக் கொதிக்கவைத்துச் செய்த ஒரு களியும் கரும்புப்பாகும் உண்டு.

சாவும் இந்த அன்றாடத்துள் அடங்கிவிடுகிறது. 1834 நவம்பரில் ஓர் இளம் மாலுமி பாய்மரத்தின்மேல் ஏறும்போது தவறிக் கடலில் விழுகிறான். நீந்தத் தெரியாதவன், உடலெல்லாம் கனத்த உடைகள். படகை இறக்கித் தேடுகின்றனர்; கிடைக்கவில்லை. பிறகு அவனுடைய துணிகளைத் தளத்தில் ஏலம் விடுகின்றனர். கரையில் ஒருவர் இறந்தால் உடல் இருக்கிறது, அடக்கம் இருக்கிறது, இடுகாடு இருக்கிறது. கடலில் இறந்தவனுக்கு இவை எதுவும் இல்லை; வெற்றுப் படுக்கையும், வேலைக்கு எண்ணும்போது குறையும் ஒரு தலையுமே மிச்சம். இப்பகுதியில் டேனா குரலை உயர்த்தவில்லை. ஏலத்தைப் பற்றி ஏலம் என்று மட்டும் சொல்கிறார். அவலச் சுவைக்கு அதுவே போதுமானதாகிறது.

கசையடியும் லாரன்ஸின் உரையும்

நூலின் நடுநாயகமான நிகழ்ச்சி சான் பெட்ரோ துறையில் நிகழ்கிறது. பில்கிரிம் கப்பலின் தலைவர் ஃபிராங்க் தாம்சன் கடுங்கோபமுடையவர். பேச்சில் தயக்கமுள்ள சாம் என்னும் மாலுமியிடம் குறை கண்டு, அவனைக் கட்டிக் கசையால் அடிக்க ஆணையிடுகிறார். ஸ்வீடன் நாட்டு ஜான் என்பவன், அவனை அடிக்கப் போகிறீர்களா என்று வினவுகிறான். அந்த வினாவே குற்றமாகிறது, அவனும் கட்டப்படுகிறான். கேள்வி கேட்டதற்காகவே அடி என்று தலைவர் வெளிப்படையாகக் கூறுகிறார். டேனா பார்க்க மாட்டாமல் கப்பல் விளிம்பில் சாய்ந்து நீரை நோக்குகிறார். எதிர்த்தால் கலகம்; கலகத்தில் வென்றால் வாழ்நாள் முழுவதும் சட்டத்துக்கு அஞ்சி ஓடும் கொள்ளையன். மாலுமிகள் ஏன் கைகட்டி நின்றனர் என்பதை அவர் இவ்வாறு விளக்குகிறார். அன்றிரவு, இறைவன் தமக்கு வழியருளினால் இம்மக்களின் துயர் தீர ஏதேனும் செய்வேன் என்று உறுதி பூணுகிறார்.

ஆங்கில நாவலாசிரியர் டி. எச். லாரன்ஸ், 1923இல் வெளிவந்த அமெரிக்க இலக்கியம் பற்றிய தம் நூலில் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்துள்ளார். தலைவனுக்கும் ஏவலனுக்கும் இடையே ஓடும் உயிர்ப்பு மின்னோட்டம் போன்றது. அது தடைப்பட்டு இறுகியபோது கசையடி அதனைத் தளர்த்தி ஓடச்செய்கிறது என்பது அவர் கருத்து. இடையிட்ட ஜானும், மனம் நொந்த டேனாவும் அவருக்கு உவப்பானவர்கள் அல்லர். கூர்மையான எழுத்து அது; ஆயினும் நூலில் உள்ள சான்று அவருக்கு எதிராகவே நிற்கிறது. கசையடிக்குப் பின் தலைவர் அமைதியுறவில்லை. தளத்தில் நடந்து நடந்து மேலும் வெறிகொள்கிறார். மாலுமிகளுக்கும் அவருக்கும் இடையே எந்த உறவும் மீளவில்லை.

அங்கே உண்மையில் பிறந்த உறவு வேறு. தன்பொருட்டு ஜான் இழிவுற்றானே என்று சாம் எந்நாளும் வருந்துகிறான். தான் மட்டும் அடிபட்டிருந்தால் அது ஒன்றுமில்லை என்கிறான். ஜானோ, உன்னைக் காக்க முயன்றதால்தான் நான் அடிபட்டேன் என்பதைச் சொல்லாலும் செயலாலும் ஒருநாளும் நினைவூட்டுவதில்லை. ஏனையோரும் அப்பேச்சை எடுப்பவரைத் தடுத்துவிடுகின்றனர். உயர்குடி என்று சொல்லிக்கொள்வோரிடம் காண்பதற்கும் அரிய நாகரிகம் இது. லாரன்ஸ் ஒரு தத்துவத்தைத் தேடி வந்தவர். ஆதலால் இரண்டு மாலுமிகளின் இந்த மௌனத்தை அவர் கருத்திற் கொள்ளவில்லை. இந்த மௌனத்தைக் கேட்டு எழுதியதே டேனாவின் பெருமை என்பேன். அது அந்த அறையில் படுத்துறங்கிய ஒருவருக்கு மட்டுமே கேட்கக்கூடியது.

பென் என்னும் சிறுவன்

இனி, அந்தக் குரல் முழுவதும் மாலுமியின் குரல் ஆகாத இடத்தைக் காண்போம். அலர்ட் கப்பல் பாஸ்டனுக்குத் திரும்ப இருக்கிறது. பில்கிரிம் கலிபோர்னியாவிலேயே தங்கும். டேனா அலர்ட்டில் திரும்புவதற்கு, கப்பல் உரிமையாளர்களோடு பழக்கமுள்ள நண்பர்கள் பாஸ்டனிலிருந்தே ஏற்பாடு செய்திருந்தனர். ஆனால் தலைவர், உனக்குப் பதிலாக ஒருவனைக் கொடு, அல்லது பில்கிரிமுக்குப் போ என்கிறார். டேனா தம் உரிமையை வற்புறுத்துகிறார். உடனே தலைவர், பென் என்னும் ஆங்கிலச் சிறுவனை அழைத்து, டேனாவின் இடத்தில் பில்கிரிமுக்குப் போகுமாறு கட்டளையிடுகிறார்.

மாலுமிகள் முணுமுணுக்கின்றனர். நீ பெரிய இடத்துப் பிள்ளை, உனக்குச் சொல்லுவோர் உண்டு. பென் ஏழை, அவனுக்காகப் பேச யாரும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கின்றனர். அந்தச் சொல்லின் உண்மையை டேனா மறுக்கவில்லை. முடிவில் வேறொரு பாஸ்டன் இளைஞன் தானே முன்வந்து பில்கிரிமில் தங்க ஒப்புகிறான்; டேனா அவனுக்கு ஆறு மாத ஊதியத்துக்கான ஆணையும் தம் உடை முதலியவற்றையும் கொடுக்கிறார். பென் அலர்ட்டிலேயே திரும்புகிறான்.

நூலில் டேனா தம்மைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் எழுதவில்லை. ஈராண்டுகள் ஒரே உணவை உண்டு, ஒரே கயிற்றை இழுத்து, ஒரே அறையில் நனைந்து கிடந்தும், தாம் அவர்களுள் ஒருவர் அல்லர் என்பது ஒரே நாளில் புலனாகிறது. வேறுபாடு வேலையிலோ உணவிலோ இல்லை. திரும்பிச் செல்லும் வழியில் இருக்கிறது. டேனாவுக்கு ஒரு கதவு திறந்திருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. இதனை மறைத்து எழுதியிருந்தால் நூல் இனிமையாக இருந்திருக்கும். நம்பத் தகுந்ததாக இருந்திராது.

பென்னின் கதை அத்துடன் முடியவில்லை. 1836 சூலைத் திங்களில், அப்பகுதியின் நடுக்குளிர்காலத்தில், பனிக்கட்டி மிதக்கும் ஹார்ன் முனையை அலர்ட் சுற்றிவருகிறது. அந்நாள்களில் முகம் வீங்கி வாய் திறக்க இயலாமல் டேனா படுத்துவிடுகிறார். கொஞ்சம் வேகவைத்த அரிசி வேண்டும் என்று கேட்டனுப்பியபோது, மற்றவர்களைப்போல் உப்பிறைச்சியையே தின்னச் சொல் என்று தலைவர் மறுத்துவிடுகிறார். துணைத் தலைவர் மறைவாக அரிசியைச் சமைக்கச் செய்து அனுப்புகிறார். பின்னர் அட்லாண்டிக்கில், புதிய காய்கறி காணாத நெடும்பயணத்தின் விளைவாக ஸ்கர்வி நோய் தோன்றுகிறது. கடுமையாகத் தாக்குண்டவன் பென். கால்கள் வீங்கி, ஈறு பருத்து, வாயைத் திறக்கவும் இயலாத நிலை. பெர்முடாவை ஒட்டிய கடலில் எதிர்ப்பட்ட ஒரு கப்பலிடமிருந்து உருளைக்கிழங்கும் வெங்காயமும் பெறுகின்றனர். பச்சை உருளைக்கிழங்கை இடித்துப் பிழிந்த சாற்றைப் பென்னுக்குப் புகட்டுகின்றனர். சில நாள்களில் அவன் மீண்டும் பாய்மரம் ஏறுகிறான். யாரை வற்புறுத்திப் பில்கிரிமில் விட இருந்தார்களோ, அவனே தாயகம் திரும்பும் கப்பலில் சாவின் விளிம்புவரை சென்றான். டேனா இவ்விரு செய்திகளையும் இணைத்துக் காட்டவில்லை. நாம் இணைத்துப் படித்தால் மாலுமியின் வாழ்வு எவ்வளவு பிறர் கையில் இருந்தது என்பது விளங்கும்.

முடிவுரையும் அதன் மறைவும்

நூலின் முதற்பதிப்பில் ஒரு முடிவுரை உண்டு. அதில் டேனா மாலுமிகளின் குறைகளைத் தொகுத்து, தீர்வு கூறுகிறார். வியப்பு என்னவெனில், கசையடியை உடனே சட்டத்தால் ஒழிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நடுக்கடலில் தலைவருக்குத் தடையற்ற அதிகாரம் வேண்டும்; அதனைத் தவறாகப் பயன்படுத்துவோரை நீதிமன்றமும் பொதுமக்கள் கருத்தும் திருத்த வேண்டும் என்பதே அவர் நிலை. சான் பெட்ரோவில் நீரை நோக்கி நின்ற இளைஞரும் இதை எழுதியவரும் ஒருவரே; ஆயினும் பேசுவது ஒரே குரல் அன்று. இங்கே பேசுபவர் சட்டம் பயின்றவர். நூலின் வலிவு குன்றும் இடம் இதுவே.

எனினும் அவர் உறுதியை மறந்தார் என்று சொல்ல இயலாது. நூல் வெளிவருமுன்பே, 1839இல், மாலுமிகள்மீது இழைக்கப்படும் கொடுமை பற்றிச் சட்ட இதழொன்றில் எழுதினார். வழக்கறிஞரான பின் ஊதியம் கிட்டாத மாலுமிகளுக்கும் அடிபட்ட மாலுமிகளுக்கும் வழக்காடினார். 1841இல் அவர்களுடைய கடமையும் உரிமையும் விளக்கும் கையேடு ஒன்றை வெளியிட்டார். தப்பியோடிவந்த அடிமைகளுக்காக 1850களில் பாஸ்டன் நீதிமன்றத்தில் நின்றார். 1850இல் அமெரிக்கப் பேரவை கடற்படையிலும் வணிகக் கப்பல்களிலும் கசையடியை ஒழித்தது. இந்நூலும், ஹெர்மன் மெல்வில் அதே ஆண்டில் வெளியிட்ட கடற்படைக் கதையும் அக்காலத்து மக்கள் மனத்தை உருவாக்கியவற்றுள் சேரும்.

1869இல் டேனா தாமே திருத்திய பதிப்பில் அந்த முடிவுரை நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக 1859இல் கலிபோர்னியாவுக்கு மீண்டும் சென்றுவந்த நினைவுகள் இடம்பெற்றன. தங்கம் கிடைத்ததால் வெற்றுக்கரையாக இருந்த சான் பிரான்சிஸ்கோ பெருநகராக வளர்ந்திருந்ததையும், பழைய அலர்ட் 1862இல் உள்நாட்டுப் போரில் எரிக்கப்பட்டதையும் அப்பகுதி கூறுகிறது. உருக்கமான எழுத்து; ஆனால் அது திரும்பிப் பார்க்கும் பெரியவரின் எழுத்து. குறையுடையதாயினும் மாலுமிகளுக்காகக் கோரிக்கை வைத்த பகுதி போய், இளமையை எண்ணி ஏங்கும் பகுதி வந்தது. நூலை இன்று பதிப்பிப்போர் இரண்டையும் சேர்த்தே தருதல் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றதை மதிப்பிட இயலாது. தம் பெருவெற்றி இளவயதில் எழுதிய ஒரு நூலாக நின்றுவிட்டதே என்று டேனா பிற்காலத்தில் வருந்தியதுண்டு. இலக்கியத்துக்கு அது வருத்தம் அன்று.

நடையும் வரம்பும்

நடையைப் பற்றி ஒன்று கூற வேண்டும். கயிறு, பாய், குறுக்குமரம் ஆகியவற்றின் பெயர்களை டேனா விளக்காமலே அடுக்குகிறார். முதலில் வாசகர் திகைக்கிறார். போகப்போகச் சொல்லின் பொருள் தெரியாவிட்டாலும் வேலையின் விரைவும் ஆபத்தும் தெரிகின்றன. வேலை செய்பவனுடைய மொழிக்கு மதிப்பளித்த நடை இது. தமிழில் இந்நூலைப் பெயர்ப்பவர் அகராதியை மட்டும் நம்பினால் போதாது. தோணித் தொழிலாளரிடமும் கடலோர மக்களிடமும் சென்று சொல் கேட்க வேண்டும்.

வரம்புகளும் உள்ளன. மாலுமிகளின் வசைமொழியை அவர் கோடிட்டு மறைக்கிறார். கலிபோர்னிய மக்களைப் பற்றிய அவர் மதிப்பீடுகளில் பாஸ்டன்காரரின் செருக்குத் தெரிகிறது. ஆனால் சான் டியாகோவில் தோல் பதப்படுத்திய நாள்களில் ஹவாய்த் தீவினரோடு கொண்ட நட்பு அச்செருக்கைத் தளர்த்துகிறது. நோயுற்ற ஹவாய் நண்பனுக்கு மருந்து கேட்டபோது தலைவர் அவனை இழித்துரைத்து மறுத்ததை அவர் மன்னிக்கவில்லை.

இந்நூல் நமக்குத் தொலைவான செய்தி என்று கருத வேண்டுவதில்லை. டேனா புறப்படுவதற்கு ஓராண்டுக்கு முன், 1833இல், அதே பாஸ்டனிலிருந்து ஒரு கப்பல் ஏரிப் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு நெடுங்கடல் கடந்து கல்கத்தாவை அடைந்தது. அவ்வணிகம் சென்னைக்கும் வந்தது. பனிக்கட்டியைச் சேமிக்க 1840களில் எழுந்த கட்டடம், இன்று விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரில் மெரினா கடற்கரை எதிரே நிற்கிறது. பனிக்கட்டி வணிகரான பிரெடரிக் டியூடரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அதனைக் கொண்டுவந்த கப்பலில் நான்கு மணி நேர உறக்கமும் உப்பிறைச்சியுமாக வாழ்ந்தவர்களின் பெயர்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. டேனா எழுதியிராவிடில் சாம், ஜான், பென் ஆகியோரும் அவ்வாறே மறைந்திருப்பர்.

ஆகவே நாம் எழுப்பிய வினாவுக்கு விடை இவ்வாறாகும். டேனாவின் குரல் மாலுமியின் குரல் அன்று. மாலுமிகளோடு வாழ்ந்து, தாம் அவர்களுள் ஒருவர் அல்லர் என்பதையும் அறிந்துகொண்ட ஒருவரின் குரல். அந்த அறிவை ஒளிக்காமல் எழுதியதனால் அதனை நம்பலாம். உழைப்பவரைப் பற்றி எழுத முற்படும் கல்வியாளர் எவரும், பென்னுக்குப் பதிலாக யார் பில்கிரிமுக்குப் போவது என்று எழுந்த அந்த நாளின் பக்கங்களை ஒருமுறையேனும் படித்தல் நன்று.